கரீப் ஆற்றிலிருந்து ஏரிக் குத்தகை வரை: ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அதன் பெயர்களும்

தமிழக மீன் அங்காடிகளில் 'ஆப்பிரிக்கன் கெளுத்தி' எனவும், வட இந்தியச் சந்தைகளில் 'தாய் மாகூர்' எனவும், தெலுங்கு நிலத்தில் வெறுமனே 'கேட்ஃபிஷ்' எனவும் விற்கப்படுவது ஒரே மீன். முதற்பெயர் அதன் பிறப்பிடத்தைச் சொல்கிறது. இரண்டாவது அது வந்த வழியைச் சொல்லி, பிறப்பிடத்தை மறைக்கிறது. மூன்றாவது இரண்டையும் சொல்லாமல், நாட்டுக் கெளுத்திகள் அனைத்தோடும் அதனை ஒன்றாக்கி விடுகிறது. அறிவியல் பெயர் கிளாரியஸ் கரீப்பினஸ். இந்தியாவில் இதனை வளர்ப்பதற்கான தடை 1997-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆயினும் கால் நூற்றாண்டு கடந்த பின்னும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலிருந்து 'ஆப்பிரிக்கன் கெளுத்தி வளர்ப்போர் மீது நடவடிக்கை' என்னும் அறிவிப்புகள் வந்தவண்ணம் உள்ளன. தடை ஏன் தாளில் நின்றது என்னும் கேள்விக்கு உயிரியல் பாதி விடையையே தரும். மறுபாதி, பெயரின் வரலாற்றிலும் ஏரியின் வரலாற்றிலும் இருக்கிறது.

இந்த வரலாற்றில் 1822 ஒரு வியப்பான ஆண்டு. வில்லியம் ஜான் பர்ச்செல் என்னும் ஆங்கிலேய இயற்கையியலாளர் 1811 முதல் தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டில் பயணம் செய்தவர். அவருடைய பயண நூலின் முதல் தொகுதி 1822-இல் வெளிவந்தது. இந்தக் கெளுத்திக்கு 'கரீப்பினஸ்' என்னும் பெயர் அந்நூலில்தான் இடப்பட்டது. கரீப் என்பது ஓர் ஆறு. கொய்கொய் மொழியில் அச்சொல்லின் பொருளே 'ஆறு' என்பதுதான். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர் இராபர்ட் ஜேக்கப் கார்டன் 1779-இல் ஆரஞ்சு அரசமரபின் பெயரை அந்த ஆற்றுக்குச் சூட்டினார். நிலப்படங்களில் ஆரஞ்சு ஆறு நிலைபெற்றது. பழைய பெயர் மீனின் பெயருக்குள் தங்கிவிட்டது.

அதே 1822-இல் எடின்பரோவில் கங்கையாற்று மீன்களைப் பற்றிய நூலொன்று வெளிவந்தது. ஆசிரியர் பிரான்சிஸ் புக்கானன். அக்காலத்தில் ஹாமில்டன் என்று பெயர் மாற்றிக் கொண்டிருந்தார். வங்காளத்து மக்கள் வழங்கிய 'மாகூர்' என்னும் சொல்லையே அவர் ஒரு மீனுக்கு இனப்பெயராக இட்டார். இன்று கிளாரியஸ் மாகூர் என அறியப்படும் நாட்டுக் கெளுத்தி அதுவே. தமிழ் நிலத்துக்கும் புக்கானன் அயலார் அல்லர். 1800-இல் சென்னையிலிருந்து மைசூருக்குப் புறப்பட்ட அவர், காஞ்சிபுரம், காவேரிப்பாக்கம், ஆர்க்காடு, வேலூர் வழியாகக் கணவாய் ஏறி, இன்றைய சித்தூர் மாவட்டத்து வெங்கடகிரிக்கோட்டையைக் கடந்து சென்றார். வழியில் காவேரிப்பாக்கம் ஏரியின் பரப்பைக் கண்டு வியந்து குறித்திருக்கிறார்.

ஒரே ஆண்டில் இரு கண்டங்களில் பெயர் பெற்ற இந்த இரண்டு மீன்களும் ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப் பின் ஒரே குளத்தில் சந்தித்தன. அச்சந்திப்பில் ஒன்றன் பெயரை மற்றொன்று எடுத்துக்கொண்டது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

தன் நாட்டில் இந்த மீன் எவ்வகையிலும் கேடானதன்று. நைல் முதல் தென்னாப்பிரிக்கா வரை பரந்து வாழும் இதனை நைலில் ஒரு பெயராலும் மொசாம்பிக்கில் வேறொரு பெயராலும் அறிஞர்கள் நெடுங்காலம் தனித்தனி இனங்களாகக் கருதினர். 1980-களில் பெல்ஜிய அறிஞர் கய் டெகல்ஸ் மேற்கொண்ட மறுஆய்வுதான் அவற்றை ஓரினமாக்கியது. எகிப்தியர் கெளுத்தி மீன்களை வரலாற்றின் தொடக்கத்திலிருந்தே அறிந்திருந்தனர். ஏறத்தாழ கி.மு. 3100-ஐச் சேர்ந்த நார்மர் மன்னனின் கற்பலகையில், அவன் பெயரின் முதல் எழுத்தோவியம் ஒரு கெளுத்தி. அடுத்தது ஓர் உளி. ஒருங்கிணைந்த எகிப்தின் முதல் மன்னனாகப் பலரும் கருதும் அவனது பெயரே மீனைக் கொண்டு எழுதப்பட்டது.

ஆப்பிரிக்க ஆறுகளின் பருவ இயல்பே இந்த மீனின் உடலை வடிவமைத்தது. மழைக்காலத்தில் ஆறு கரைபுரண்டு சமவெளியை மூடும். கோடையில் குட்டைகளாகச் சுருங்கும். செவுளுக்கு மேலே கிளைத்த மரம்போன்ற ஓர் உறுப்பு இதற்கு உண்டு. அதனால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கிறது. உயிர்வளி அற்ற சேற்று நீரிலும் உயிர் தரிக்கிறது. மார்புத் துடுப்பின் முட்களை ஊன்றி, ஈர நிலத்தில் ஒரு குட்டையிலிருந்து மற்றொன்றுக்கு ஊர்ந்து செல்லவும் வல்லது. புழு, நத்தை, மீன், தவளை, பறவைக் குஞ்சு, அழுகிய பிணம் என எதையும் உண்ணும். ஒன்றரை மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ 60 கிலோ எடைக்கும் வளரக்கூடியது. புதுவெள்ளம் வந்ததும் நீர் மூடிய புல்வெளி விளிம்பில் முட்டையிடும். முட்டைகள் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். அங்கே முதலையும் பெரும் பறவைகளும் இதனை உண்கின்றன. கூட்டமாக வேட்டையாடும் இதன் வழக்கம் ஒக்கவாங்கோ சதுப்புநிலத்தின் ஆண்டுச் சுழற்சியில் ஒரு பகுதி.

இவ்வியல்புகளே இதனை வளர்ப்பு மீனாகவும் ஆக்கின. எனினும் ஒரு தடை இருந்தது. குளத்தில் அடைத்து வைத்தால் இது தானாக முட்டையிடுவதில்லை. இயக்குநீர் ஊசி செலுத்திப் பெண்மீனிலிருந்து முட்டையைப் பிழிந்தெடுக்க வேண்டும். ஆண்மீனின் விந்து அவ்வாறு பிழிய வராது என்பதால் அதனை அறுத்தே எடுக்க வேண்டும். 1970-களிலும் 1980-களிலும் நெதர்லாந்திலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் நடந்த ஆய்வுகள் இந்த நுட்பத்தை எளிய பண்ணைகளுக்கும் எட்டச் செய்தன. உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1996-இல் இதற்கென ஒரு கையேடே வெளியிட்டது. நைஜீரியா இன்று இம்மீன் வளர்ப்பில் முதலிடம் வகிக்கிறது. அங்கே இது சட்டப்படியான, மதிப்புமிக்க உணவு.

ஆசியாவில் இதன் பாதை வேறு. 1980-களின் பிற்பகுதியில் தாய்லாந்துப் பண்ணைகள் தம் நாட்டுக் கெளுத்தியின் பெண்ணோடு இதன் ஆணைக் கலந்து, விரைந்து வளரும் கலப்பினத்தை உருவாக்கின. 1989-இல் இம்மீன் தாய்லாந்திலிருந்து வங்கதேசத்துக்குச் சென்றது. 1990-களின் தொடக்கத்தில் எந்த அரசின் ஒப்புதலும் இன்றி எல்லையைக் கடந்து மேற்கு வங்கத்துக்குள் நுழைந்தது. 'தாய் மாகூர்' என்னும் பெயர் இந்த வழியில்தான் பிறந்தது. மாகூர் வங்காளத்தில் நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுக்கும் மீன், விலை உயர்ந்தது. அப்பெயரைத் தாங்கிய புதிய மீன் விலை குறைந்தது, எடை மிகுந்தது. குஞ்சுப் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கும் எளிதன்று. மாகூர் என்று நம்பி வாங்கிய உழவர்களும் இருந்தனர். மாகூர் என்று தெரிந்தே பொய் சொல்லி விற்ற வணிகர்களும் இருந்தனர்.

ஆப்பிரிக்க மீன் இந்திய நீரில் இறங்கியது இது முதன்முறையன்று. இந்த ஒப்பீடு இல்லாமல் கெளுத்தியின் வரலாறு முழுமை பெறாது. மொசாம்பிக் திலாப்பியா 1952-இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தது அரசு; நோக்கம் புரத உணவு. சில ஆண்டுகளிலேயே அது குளங்களை நிரப்பி நாட்டு மீன்களை நெருக்குவது தெரிந்தது. 1959-இல் அதன் பரவலுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அதற்குள் காலம் கடந்திருந்தது. அமராவதி அணையின் மீன்பிடியில் பெரும்பகுதி அதுவாயிற்று. தமிழ் மக்கள் அதனைச் 'சிலேப்பி' என்றும் 'ஜிலேபிக் கெண்டை' என்றும் அழைத்து வீட்டு மீனாக்கிக் கொண்டனர்; அது ஆப்பிரிக்க மீன் என்பது இன்று பலருக்கும் தெரியாது. அடுத்த கட்டமாக, மேம்படுத்தப்பட்ட நைல் திலாப்பியா வகை 2010-களில் ஆந்திரத்தின் விஜயவாடா அருகிலுள்ள மணிக்கொண்டாவில் அரசு நிறுவனமொன்றின் மேற்பார்வையில் உரிமத்தோடு பெருக்கப்பட்டது.

ஆக, ஒரே மாநிலத்தில் ஓர் ஆப்பிரிக்க மீன் உரிமம் பெற்றது, மற்றொன்று குற்றமாயிற்று. வேறுபாட்டுக்கு உயிரியல் காரணம் உண்டு. ஒன்று பெரும்பாலும் பாசியும் நுண்ணுயிரும் உண்பது. மற்றொன்று பிற மீன்களை விழுங்குவது. ஆனால் நுழைந்த வாசலும் வேறு. திலாப்பியாவுக்கு வரவேட்டில் பதிவு உண்டு. யார் கொண்டுவந்தார், எங்கே விட்டார், எப்போது விட்டார் என்பதை ஆவணத்தில் தேடலாம். கெளுத்திக்கு அத்தகைய முதல் ஆவணமே இல்லை. அதன் வரலாறு தடையாணையிலிருந்துதான் தொடங்குகிறது. குற்றமாகப் பதிவாகும் வரை ஆவணக்காப்பகம் அதனை அறியவில்லை.

அந்தத் தடையின் வரலாறும் சரியாகச் சொல்லப்படுவதில்லை. 'தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2000-ஆம் ஆண்டில் தாய் மாகூரைத் தடை செய்தது' என்னும் தொடர் நாளேடுகளிலும் இணையப் பக்கங்களிலும் மீண்டும் மீண்டும் வருகிறது. தீர்ப்பாயம் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியது; பிறப்பதற்குப் பத்தாண்டு முன் அது ஆணையிட்டிருக்க இயலாது. முதல் நடவடிக்கை மத்திய வேளாண் அமைச்சகம் 1997 இறுதியில் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுறுத்தல். நீதிமன்றங்களின் தலையீடும் தீர்ப்பாயத்தின் ஆணைகளும் பின்னர் வந்தவை. ஒரு பிழையான ஆண்டு இத்தனை முறை எடுத்தெழுதப்படுவது, மூல ஆணையை எவரும் படிக்காமலே தடை பேசப்பட்டு வந்ததைக் காட்டுகிறது.

இதில் ஓர் அரசமைப்புச் சிக்கலும் அடங்கியுள்ளது. மீன்வளம் ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 21-ஆம் இனம். மத்திய அரசு அறிவுறுத்தலாம். குளத்தங்கரையில் இறங்கி மீனை அழிக்க வேண்டியது மாநில மீன்வளத்துறை. மாநிலங்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வேகத்தில் செயற்பட்டன. அதனால் மீன் எல்லைகளை நாடியது. பெங்களூருக்கு அருகிலுள்ள ஒசகோட்டை, தமிழகத்தின் கிருஷ்ணகிரி, ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டம், கொல்லேறு ஏரிப்புறம் ஆகிய இடங்களில் மறைவான பண்ணைகள் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்தன. ஓரிடத்தில் குளத்தை அழித்தால், மறு மாநிலத்தில் ஒரு குளம் தோண்டப்பட்டது.

பொருளியல் கணக்கு இன்னும் எளியது. பெருநகரங்களின் கோழி இறைச்சிக் கடைகள் நாள்தோறும் குவிக்கும் குடலையும் தோலையும் அகற்றுவதற்கு யாரேனும் வேண்டும். இந்த மீனுக்கு அதுவே தீனி. கழிவை அகற்றுபவனுக்குக் கூலியும், மீனை வளர்ப்பவனுக்கு இலவச இரையும் ஒரே வண்டியில் வந்து சேர்கின்றன. இம்மீனை உண்டால் புற்றுநோய் வரும் என்று பரவும் செய்திகள் இந்த இடத்தில் காரணத்தைப் பிறழ உணர்கின்றன. நைஜீரியாவில் கோடிக்கணக்கானோர் உண்ணும் மீன் அது. அழுகிய கழிவிலும் மாசுபட்ட நீரிலும் வளர்க்கப்படும்போது, அந்தத் தீனியும் நீருமே அச்சத்துக்குரியவை. மீனை அரக்கனாக்கும் பேச்சு, அதற்கு இரையிட்டவரையும் கழிவுக்கு வழி செய்யாத நகரங்களையும் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது.

மறைவான பண்ணையிலிருந்து பொது நீருக்கு இந்த மீன் எவ்வாறு வருகிறது என்பதை விளங்கிக்கொள்ள, ஏரி என்னும் நிறுவனத்தை நோக்க வேண்டும். திருச்சானூர் அதற்குத் தக்க இடம். பத்மாவதித் தாயார் கோயிலும் பத்ம சரோவரமும் அமைந்த இவ்வூர், சுவர்ணமுகி ஆற்றின் அருகே உள்ளது. அண்டையிலுள்ள ஜோகிமல்லவரம் பராசரேசுவரர் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. வட ஆர்க்காட்டின் பகுதியாக இருந்து, 1911-இல் சித்தூர் மாவட்டத்திலும் 2022-இல் திருப்பதி மாவட்டத்திலும் சேர்ந்த நிலம் இது. இதன் வேளாண்மை வற்றாத ஆற்றை நம்பியதன்று. மழைநீரைத் தேக்கும் ஏரிகளை நம்பியது. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் திருமலைக் கோயிலுக்கு அளிக்கப்பட்ட பணக் கொடைகள் கோயில் ஊர்களின் ஏரி, கால்வாய்ப் பணிகளில் முதலீடு செய்யப்பட்டதைப் பர்ட்டன் ஸ்டைன் 1960-இல் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியது. ஏரியைத் தூர்வாரினால் விளைச்சல் மிகும். மிகுந்த விளைச்சலின் ஒரு பங்கு கோயில் படையலுக்குச் செல்லும்.

இவ்வமைப்பில் மீனுக்கும் இடம் இருந்தது. தமிழ்க் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்', 'மீன்பாட்டம்' என வரும் சொற்களை ஏரியின் மீன்பிடி உரிமைக்கான வருவாய் என ஆய்வாளர்கள் பொருள் கொள்கின்றனர். அவ்வருவாய் ஏரியின் பராமரிப்புக்கே ஒதுக்கப்பட்ட சான்றுகள் உண்டு. ஏரியின் மீன் ஏரியைக் காத்தது என்று சுருங்கச் சொல்லலாம். இன்றும் தமிழகச் சிற்றூர்களில் வழங்கும் 'மீன்பாசிக் குத்தகை' அந்தப் பழஞ்சொல்லின் நேர் வழித்தோன்றல். சொல் நிலைத்தது, பொருள் மாறியது. குத்தகைப் பணத்துக்கும் தூர்வாரலுக்கும் இடையிலான நேரடிப் பிணைப்பு காலனிய வருவாய் நிருவாகத்தின் பின் தளர்ந்தது. ஏரியில் தானே விளைந்த விராலும் கெளுத்தியும் கெண்டையும் போதாமல், குஞ்சு வாங்கி விட்டு, ஏலத் தொகையைக் குறுகிய காலத்தில் மீட்க வேண்டிய கட்டாயம் குத்தகைதாரருக்கு ஏற்பட்டது. அரை ஆண்டில் ஒரு கிலோ எடைக்கு வளரும் மீன் இந்தக் கணக்குக்குப் பொருந்தியது.

மேலும், ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேல் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் கீழ் ஏரிக்குச் செல்லும். கடைசி ஏரியின் மிகைநீர் ஆற்றில் விழும். நீரைப் பகிர்வதற்காக முன்னோர் அமைத்த இச்சங்கிலியே, ஒரு மீனைப் பல ஊர்களுக்குப் பகிரும் வழியுமாகிறது. 2021 நவம்பரில் திருப்பதி வட்டாரத்தில் பெய்த பெருமழையில் சுவர்ணமுகி கரைமீறியது. இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட்டுக் கீழுள்ள ஊர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அத்தகைய நாளில் எந்தக் குளத்து மீனும் அந்தக் குளத்துக்கு மட்டும் உரியதாக இருக்காது. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பின், வளர்ப்புக் குளங்களிலிருந்து தப்பிய அயல் மீன்கள் ஆறுகளில் பிடிபட்டன. ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அவற்றுள் ஒன்று. இராசத்தானில் பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குள் இம்மீன் புகுந்து, நீர்ப்பறவைகளையும் வேட்டையாடத் தொடங்கியது. உலகப் பாரம்பரியக் களமான அப்பூங்காவின் நிருவாகம் ஆயிரக்கணக்கில் இவற்றைப் பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று.

தென்னிந்திய ஏரியில் இதன் விளைவு கோடையில்தான் கடுமையாகும். நீர் வற்றும்போது எஞ்சிய மீன்களெல்லாம் ஏரியின் ஆழமான மடுவில் ஒதுங்கும். விராலும் தேளியும் நாட்டுக் கெளுத்தியும் காற்றைச் சுவாசித்து அங்கே பிழைத்து, அடுத்த மழைக்கு விதையாகும். அதே ஆற்றலுடைய, அவற்றினும் பன்மடங்கு பெரிய வேட்டை மீன் ஒன்று அந்த மடுவில் இருந்தால், ஏரியின் விதை அங்கேயே உண்ணப்படும். இழப்பு ஏலம் எடுத்தவருக்கு உடனே தெரியாது. குத்தகைக்கு வெளியே, தூண்டிலும் ஊத்தாவும் கொண்டு அன்றாடக் குழம்புக்குச் சிறுமீன் பிடிக்கும் பெண்களுக்கும் முதியோருக்குமே முதலில் தெரியும். கிளாரியஸ் மாகூர் இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழியும் நிலையிலுள்ள இனம். வாழிட இழப்பும் மிகைப்பிடிப்பும் அதற்குக் காரணங்கள். தன் பெயரிலேயே விற்கப்படும் மற்றொரு மீனின் நெருக்குதலும், அதனோடு கலப்பினமாகும் வாய்ப்பும் அவற்றோடு சேர்கின்றன.

ஆகவே இந்த வரலாற்றை 'அயல் மீன் படையெடுத்தது' என்று எழுதுவது பொருந்தாது. கரீப் ஆற்று மீன் தானாக எந்தக் கடலையும் கடக்கவில்லை. அதனை மாகூர் என்று எழுதிய விற்பனைச் சீட்டு, தீனியான நகரக் கழிவு, மாநிலத்துக்கு மாநிலம் மாறிய நடவடிக்கை, ஏரியைக் காப்பதிலிருந்து பிரிந்துபோன குத்தகை ஆகிய நான்குமே அதனை இங்கே நிலைநிறுத்தின. இவற்றுள் மீனைப் பிடித்து அழிப்பதால் மாறக்கூடியது எதுவுமில்லை. குஞ்சு விற்பனையில் இனப்பெயரைக் கட்டாயமாகப் பதிதல், குத்தகை ஒப்பந்தத்தில் எந்த இனம் விடப்படுகிறது என்பதை எழுதுதல், அவ்வொப்பந்தத்தை ஊரவையில் படித்துக் காட்டுதல், குத்தகைப் பணத்தில் ஒரு பங்கை மீண்டும் ஏரிக்கே ஒதுக்குதல் ஆகியவை பெருஞ்செலவு பிடிக்காதவை. இவற்றுள் கடைசி ஏற்பாடு பாசிப்பாட்டம் என்னும் பெயரில் இந்நிலத்தில் முன்பே நடைமுறையில் இருந்தது.